குக்கர் சார் விசாரித்த புகார்

எங்கள் கம்பெனி குக்கர் தயாரிப்பதில்லை. ஆனாலும் புகார்ப் பிரிவில் ஒன்று இருந்தது.

காலை ஒன்பதரைக்கு வந்து உட்காரும். பத்துக்குள் முதல் விசில்.

"எவன் இந்த ஃபைலை இங்க வச்சது? வச்சது கையாலயா, காலாலயா?"

பிரிவின் சீனியர் அவர். வாடிக்கையாளரிடம் போனில் பேசும்போது குரலில் தேன் ஒழுகும். போனை வைத்ததும் எங்கள் மேல் ஆவி. ஃபிரிட்ஜ் புகார்களைப் பார்க்கும் அண்ணனுக்கு ஒரு விசில், மிக்ஸி புகார்களைப் பார்க்கும் அக்காவுக்கு ஒரு விசில். சேர்ந்து இரண்டே மாதமான புதுப் பெண்ணுக்கு மட்டும் கணக்கே கிடையாது.

அன்றைக்கு அவள் எழுதிய பதில் கடிதத்தை எல்லார் எதிரிலும் தூக்கிப் பிடித்தார்.

"இதை எழுதினது நீயா, உன் வீட்டுப் பூனையா?"

கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். அவள் முகம் கழுவப் போனாள். வர வெகுநேரம் ஆனது.

சாயங்காலம் அவர் கிளம்பிய பிறகு மிக்ஸி அக்காவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"நாளைக்கு ராஜினாமா கொடுத்துடலாம்னு இருக்கேன்க்கா."

"அடி அசடே! அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. இப்ப வேலையை விட்டா வீடு என்ன ஆகும்?"

"தினமும் அழுதுட்டே எப்படிக்கா வேலை பாக்கறது?"

அது எங்கள் ஏழு பேரையும் உலுக்கிவிட்டது. மேனேஜருக்கு ஒரு புகார் எழுதியே தீருவது என்று உட்கார்ந்தோம். புகார் எழுத எங்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? நாள் பூரா படிப்பதே அதைத்தானே.

"'எங்கள் பிரிவில் ஒருவர்...'னு ஆரம்பி."

"பேரு போட வேண்டாமா?"

"எதுக்கு வம்பு? மேனேஜருக்குத் தெரியாதா என்ன?"

கசக்கிப் போட்டது, பூனை, எல்லாம் விவரமாக எழுதியாயிற்று. முதல் கையெழுத்து யார் போடுவது என்பதில் கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் ஃபிரிட்ஜ் அண்ணன் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துச் சுற்றி வட்டம் போட்டார்.

"வட்டத்தைச் சுத்திக் கையெழுத்துப் போடுவோம். யாரு முதல், யாரு கடைசின்னு அந்தக் கடவுளுக்கே தெரியாது!"

புதுப் பெண்ணும் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"நீ வேண்டாம்மா. நீ சின்னப் பொண்ணு. நாங்க இருக்கோம்ல?"

தபால் பார்க்கும் அண்ணன், "காலையில நானே மேனேஜர் மேஜையில வச்சிடறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

இருபது வருஷப் பழக்கம் யாரை விட்டது? மேலே 'புகார்' என்று எழுதிய எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முத்திரை குத்தி, நம்பர் போட்டு, பொருளின் பெயர் இருந்தால் அதைப் பார்ப்பவர் ட்ரேயில், இல்லாவிட்டால் அன்றைக்கு யார் முறையோ அவர் ட்ரேயில் வைத்துவிடுவார். மறுநாள் காலையும் அப்படியே வைத்துவிட்டார்.

அன்றைக்கு முறை குக்கர் சாருடையது.

"அய்யோ அண்ணே, என்ன காரியம் பண்ணீங்க?"

"கை தானாப் போயிடுச்சும்மா!"

அதற்குள் அவர் படிக்க ஆரம்பித்துவிட்டார். முகம் சிவந்தது. விசிலுக்குக் காத்திருந்தோம்.

"அநியாயம்!" மேஜையில் ஓங்கித் தட்டினார். "ஒரு சின்னப் பொண்ணை அழ வச்சிருக்கான்! அதுவும் நம்ம பிரிவுல! யாருய்யா அவன்?"

நாங்கள் ஆளுக்கொரு ஃபைலைத் திறந்துகொண்டோம்.

"ஏழு பேரு கையெழுத்து இருக்கு. சொல்லுங்க. ஃபிரிட்ஜு, நீ சொல்லு."

"அது... சும்மா பொதுவா எழுதினது சார்."

"மிக்ஸி?"

"போன வருஷம் ரிட்டயர் ஆனாரே, அவரா இருக்கும் சார்."

"ரிட்டயர் ஆனவர் நேத்து எப்படிம்மா கத்துவாரு?"

"அவருக்குக் கொஞ்சம் பெரிய குரல் சார்."

தபால் அண்ணன் வாட்ச்மேனைக் கை காட்டினார். வாஷிங் மெஷின்காரர், அடிக்காத போனை எடுத்து "ஹலோ" என்றார்.

"சே! நீங்கள்லாம் மனுஷங்களா?" என்று பேனாவைத் திறந்து, 'நடவடிக்கை' என்ற கட்டத்தில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "'சம்பந்தப்பட்டவர் அந்தப் பெண்ணிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.' போதுமாம்மா? பயப்படாதே. அவன் யாருன்னு மட்டும் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

புதுப் பெண் எழுந்தாள். கையில் ராஜினாமாக் கடிதம்.

"நீங்கதான் சார்."

"நானா? நான் எப்பக் கத்தினேன்?" என்று கத்தினார்.

அவர் காகிதத்தை மறுபடி எடுத்து விரல் வைத்துப் படித்தார். பூனை வந்த வரியில் விரல் நின்றுவிட்டது. மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினார்.

"நானாய்யா?"

"சேச்சே!" என்றோம், ஏழு பேரும் ஒரே குரலில்.

எங்கள் ஏழு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவள் மேஜைக்குப் போனார்.

"மன்னிச்சுக்கோம்மா. அந்த லெட்டரைக் கொடுத்துடாதே."

"திரும்பவும் கத்தினீங்கன்னா சார்?"

"இப்பச் சொன்னியே, அதே மாதிரி மூஞ்சிக்கு நேரா சொல்லு."

அவள் கடிதத்தை நாலாய் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

சாயங்காலம் அந்தப் புகார் முடிந்து தபால் அண்ணனிடம் வந்தது. ஏழு தலையும் மோதிக்கொள்ளக் குனிந்து பார்த்தோம். முன்பு எழுதியதை அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதியிருந்தார்.

'புகார் உண்மை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் எட்டுப் பேர். ஒருவர் கேட்டுவிட்டார்.'