ஏழுக்குக் கீழே

காலையில் வைதேகியின் போன் அடித்தது.

"வெறும் வயித்துல சுகர் எவ்வளவு?" என்றார் சந்தானம்.

"நூத்திப் பதினெட்டு."

"நடுவுல லோ ஆகலையே?"

"இல்லை. மூணு மாச சராசரி ரிப்போர்ட்டும் வந்துடுத்து. ஆறு புள்ளி ஒம்பது."

"அப்போ ரெண்டு நாள்ல பாக்கலாம்."

போனை மூடிய வைதேகியைப் பார்த்து மகள் ரோஹிணி சிரித்தாள். "இவ்வளவு அக்கறையா ஒரு டாக்டரா?"

"டாக்டர் இல்லைடி. அவரும் இன்சுலின் போட்டுக்கறவர்தான். டாலிகஞ்ச் சுகர் கிளினிக்ல பழக்கம்." வைதேகி தயங்கினாள். "அப்பா போய்ப் பத்து வருஷமாச்சு. ரெண்டு பேருக்கும் ஏழுக்குக் கீழ வந்தா கல்யாணம் பண்ணிக்கலாம்னு பேசி வெச்சிருந்தோம். அவருக்குப் போன மாசமே வந்துடுத்து."

ரோஹிணி அம்மாவை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"எனக்குச் சம்மதம். ஆனா கல்யாணச் சாப்பாட்டுல பொண்ணு மாப்பிள்ளைக்கு மட்டும் பாயசம் கிடையாது."