நாற்பதாவது நலமானவர்

மனித மனத்தின் அத்தனை ரகசியங்களும் ஒருநாள் இந்த மூளை ஸ்கேன் குழாய்க்குள் வெளிப்பட்டே தீரும் என்று பேராசிரியர் பதினோரு வருடமாக மேடைதோறும் முழங்கிவந்தார்.

இன்று அந்தக் குழாய்க்குள் அவரே மல்லாந்து கிடந்தார், முதுகுப் பக்கம் முடிச்சு நிற்காத பச்சை அங்கியில்.

ஆராய்ச்சிக்கு மனச்சோர்வுள்ளவர்கள் நாற்பது பேர் தேவை. அவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நலமானவர்கள் நாற்பது பேர் தேவை. முப்பத்தொன்பதோடு ஊரே காலியாகிவிட்டது. கட்டுரை இன்று மாலைக்குள் போயாக வேண்டும்.

"என்னையே போட்டுக்க" என்றார், நாட்டுக்கு உயிரைக் கொடுப்பவர் மாதிரி.

படிவத்தை அரை நிமிடத்தில் நிரப்பினார். சோர்வு உண்டா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பதற்கு அவர் வீட்டில் ஓய்வு என்று பெயர்.

சிறுவயதுத் துன்பங்கள் பற்றிய இருபது கேள்விகளில் பத்தொன்பதுக்கும் இல்லை என்று எழுதினார். பதினான்காவது கேள்வி அங்கே இல்லை. 'உங்களைத் தனியாக அறையில் பூட்டி வைத்ததுண்டா?' அதைப் போன வருடமே அவர் அடித்து நீக்கிவிட்டார். "இதையெல்லாம் கணக்குல சேர்த்தா நல்லா இருக்கறவன் எவன்யா கிடைப்பான்? அது கண்டிப்பு."

டெக்னீஷியன் பெண் அவர் தலையைச் சுற்றிக் கூண்டை மாட்டினாள். வலது கையில் ரப்பர் பந்தைத் திணித்தாள். முடியவில்லை என்றால் அழுத்த வேண்டும். அடுத்த அறையில் மணி அடிக்கும்.

"இதெல்லாம் எனக்கே சொல்றியா? நானே சொல்ற வரைக்கும் நிறுத்தாத. பாதியில விட்டா படம் குப்பை."

பலகை உள்ளே போனது. மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கூரை.

இயந்திரம் தகரக் கொட்டகையை இடிப்பதுபோல் ஆரம்பித்தது. அவர் தன் புகழ்பெற்ற மூளை வரைபடத்தை நினைத்துக்கொண்டார். மூளையில் பயப்படும் இடம் ஒன்று, அதைத் தட்டிக்கொடுத்து அடக்கும் இடம் ஒன்று. நடுவே சிவப்புக் கோடு. பிள்ளைப் பருவத்தில் நொந்தவர்களுக்கு அந்தக் கோடு நூலாக மெலிந்திருக்கும். ஓரிடம் கத்துவது இன்னோரிடத்துக்குப் போய்ச் சேராது. இதைச் சொல்லும்போது மேடையில் அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பார். கூட்டம் உருகும்.

சத்தம் நின்றது. ஒலிபெருக்கியில் அவள் குரல்.

"சார், மணி அடிக்குது. அழுத்துனீங்களா?"

"நானா? இல்லையே."

"வெளிய எடுக்கட்டுமா?"

"பரவாயில்லம்மா. ஓட்டு."

மறுபடி இடி. மறுபடி மணி.

"சார், உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"பந்து பழுதும்மா. கண்டுக்காத."

பந்து வாங்கிய குழுவை மனசுக்குள் ஒரு பிடி பிடித்தார். அந்தக் குழுவின் தலைவர் தானே என்பது நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டார். அடுத்த அறையில் மாணவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவ்வளவு நேரம் ஆடாமல் அசையாமல் கிடக்கிறாரே என்று வியந்துகொண்டிருப்பார்கள். அங்கி முதுகோடு ஒட்டியிருந்தது. ஏசி சரியில்லை என்று முடிவுசெய்தார்.

முப்பத்தோராவது நிமிடம் இயந்திரத்தின் சத்தம் அடங்கியது.

"முடிஞ்சிருச்சு சார். வெளிய வர்றீங்களா?"

"பரவாயில்லம்மா" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்."



சிறுவயதில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அப்பாவும் இப்படித்தான் கேட்பார்: வெளிய வர்றியா? வரேன் என்றால் இன்னும் ஒரு மணி நேரம். பரவாயில்லப்பா, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன் என்றால் உடனே தாழ்ப்பாள் விலகும். தங்கமான பிள்ளை, அடம் கிடையாது என்று உறவெல்லாம் மெச்சியது.

பலகை வெளியே வந்தது. அவள் கூண்டைக் கழற்றினாள்.

"பந்தை மாத்திடும்மா. அது சரியில்ல."

"சரி சார். குடுங்க."

கொடுத்துவிட்டதாகத்தான் அவர் நினைத்தார். அவள் குனிந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அடுத்த அறையில் அடித்துக்கொண்டே இருந்த மணி நின்றது.

பந்தை அழுத்திப் பார்த்தாள். மணி அடித்தது. விட்டாள். நின்றது.

பந்தில் பழுது இல்லை.