கோபுரத்தின் மேல் ஒரு கோடு

வெளிநாட்டுக் கடனில் மலையூருக்கு ஒரு செல்போன் கோபுரம் வந்தது. இரும்புக் கால்கள் எழும்பிவிட்டன. உச்சியில் மாட்டவேண்டிய கருவிகளுக்கான பணம் மட்டும் வரவில்லை. கோபுரத்தைப் படமெடுத்து, அதன் அடியில் நின்றபடியே செயலியில் ஏற்றினால்தான் கடன் கொடுத்தவர்கள் அந்தப் பணத்தை விடுவிப்பார்களாம்.

“அங்க சிக்னல் இருந்தா நான் எதுக்கு சார் மலையிறங்கி வர்றேன்?” என்று ஊராட்சித் தலைவி பூங்காவனம் அதிகாரியிடம் கேட்டாள்.

“வேற எடத்துலேர்ந்து ஏத்துனா ஆப் எடுத்துக்காதும்மா. நான் என்ன பண்ணட்டும்?”

போன மழைக்காலத்தில் அவள் கொழுந்தனைப் பாம்பு கடித்தது. ஆம்புலன்சைக் கூப்பிட வழியில்லாமல் கம்பளியில் கட்டித் தூக்கி வந்தார்கள். பாதி மலையிலேயே அவன் உடம்பு சில்லிட்டுவிட்டது.

மறுநாள் பூங்காவனம் கோபுரத்தைப் படமெடுத்தாள். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அதன்மேலேயே ஏறினாள். உச்சியில், காக்கைக் கூட்டுக்குப் பக்கத்தில், கையை நீட்டிப் பிடித்தபோது எங்கோ தூரத்துச் சிக்னல் ஒரு கோடு காட்டியது. படம் போய்ச் சேர்ந்தது. உடனே பதிலும் வந்தது.

‘தங்கள் இடத்தில் ஏற்கெனவே சிக்னல் கிடைக்கிறது. எனவே கருவிகள் தேவையில்லை. விண்ணப்பம் முடித்துவைக்கப்பட்டது.’

கீழே கூடியிருந்தவர்களுக்குக் கேட்கும்படி அதை அவள் உரக்கப் படித்தாள்.

“சரி, எறங்கி வா,” என்றான் அவள் புருஷன் சாமக்கண்ணு.

“எறங்கமாட்டேன். அந்த ஆபீசர இங்க வரச் சொல்லு.”

சாமக்கண்ணு கையிலிருந்த போனைப் பார்த்தான். பிறகு அண்ணாந்து அவளைப் பார்த்தான்.

“எங்கேர்ந்து சொல்லட்டும்?”