நடுவில் ஒரு வாய்

எந்த வகைத் திருட்டு என்று அந்த அம்மாளிடம் கேட்கச் சொன்னார் போலீஸ் அதிகாரி.

அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் உட்கார்ந்திருந்தவளுக்கு இரண்டும் தெரியும். அதுதான் அவள் பிழைப்பு. சொந்தக்காரர்கள் அவளுக்குத் துபாஷி என்றே பட்டம் கட்டியிருந்தார்கள்.

இங்கிலீஷ்காரனுக்குத் திருட்டு விஷயத்தில் மட்டும் சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஜெயிலில் ஒவ்வொரு கணக்கு வேறு.

துபாஷி பொறுமையாக விளக்கினாள். அடித்து மிரட்டிப் பிடுங்கினால் ராபரி. வீடு புகுந்து எடுத்தால் பர்க்ளரி. அசந்த நேரம் பார்த்துச் சுருட்டினால் தெஃப்ட். நம்பி ஒப்படைத்ததிலேயே கைவைத்தால் எம்பெஸில்மென்ட். பேசி மயக்கி, நம் கையாலேயே எடுத்துக் கொடுக்க வைத்தால் ஃப்ராட்.

அந்த அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு கேட்டார். கண் ஆபரேஷன் முடிந்து போட்ட கறுப்புக் கண்ணாடியை இன்னும் கழற்றவில்லை. துபாஷி உள்ளே வந்து வணக்கம் சொன்னதுமே நாற்காலியை அதிகாரி பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டவர், அதன்பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

போலீஸ் ஸ்டேஷன் என்றால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் துபாஷி.

யாரும் அடிக்கவில்லை என்றார் அம்மாள். போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். பேங்க்கிலிருந்து என்றாள். அதுவும் தமிழில். நாலு வார்த்தை தமிழ் கேட்காதா என்று காது காய்ந்து கிடக்கிற ஊரில் யாருக்குத்தான் மனசு இளகாது?

போனுக்கு ஒரு நம்பர் வரும், படித்துச் சொல்லுங்கள் என்றாளாம். கண் சரியாகத் தெரியாமல், பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தடவித் தடவிப் படித்திருக்கிறார். அவ்வளவு நேரமும் அவள் சலித்துக்கொள்ளாமல் காத்திருந்தாள். பெற்ற பிள்ளைகூட அப்படிக் காத்திருந்ததில்லை என்றார் அம்மாள்.

கணவர் விட்டுப்போன சேமிப்பு மொத்தமும் துடைத்து வழித்தது போலப் போய்விட்டது. இனி குடியிருக்கிற வீட்டுக்கு வாடகை கொடுக்க வழியில்லை.

துபாஷி எல்லாவற்றையும் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னாள். தொழிலுக்கு வந்த நாள் முதலாக ஒரு வார்த்தை கூட்டியதில்லை, குறைத்ததில்லை. இன்றைக்கும் கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஃப்ராட் என்று எழுதிக்கொண்ட அதிகாரி, கடைசியாக அவள் என்ன சொல்லிப் போனை வைத்தாள் என்று கேட்டார்.

"பாரத்தை என் தலையில எறக்கி வச்சிட்டீங்கல்ல, இனிமே நிம்மதியா தூங்குங்கம்மான்னு சொன்னா."

துபாஷியின் கை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

அது துபாஷியின் சொந்த வாக்கியம். பரீட்சைக்குப் பயந்து அழுத மகளை மடியில் போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் சொன்னது. இப்போதெல்லாம் மகளின் சாத்திய அறைக்குள்ளிருந்து அடிக்கடி கேட்கிறது. வாடிக்கையாளர் சேவையாம், வீட்டிலிருந்தே வேலையாம். தேநீர்க் கோப்பையோடு கதவுக்கு வெளியே நின்று, என் பெண் யாரிடம் பேசினாலும் எவ்வளவு இதமாகப் பேசுகிறாள் என்று பூரித்துப் போயிருக்கிறாள்.

அதையும் மொழிபெயர்த்தாள். தண்ணீர் குடித்துக்கொண்டாள்.

மறுபடி கேட்டால் அந்தக் குரலை அடையாளம் தெரியுமா என்று கேட்கச் சொன்னார் அதிகாரி.

தாய்க்கும் மகளுக்கும் அச்சு அசல் ஒரே குரல். நாத்தனார் போன் செய்தால் மகளிடமே மாமியார் புராணத்தை முழுக்கப் பாடிவிட்டு, "கேக்கறீங்களா அண்ணி?" என்பாள். வீட்டில் அது ஓயாத சிரிப்பு.

கேள்வியை முணுமுணுப்பாக, பாதி விழுங்கிக் கேட்டாள்.

அந்த அம்மாள் முதல் முறையாக அவள் பக்கம் திரும்பினார்.

"தெரியும். நீ உள்ள வந்து வணக்கம் சொன்னப்பவே தெரிஞ்சு போச்சு. ஆனா அதையும் இவர்கிட்ட நீதானம்மா சொல்லணும்?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் துபாஷி. நான் இல்லையென்றால் வேறு யார் என்ற கேள்வி அடுத்து வந்து நிற்கும். வாயை மூடிக்கொண்டாள்.

அதிகாரி பேனாவைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தார்.

துபாஷி ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு வாக்கியம் சொன்னாள். அந்த அம்மாளுக்குச் சரியாக நினைவில்லையாம்.

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார்.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருந்த அம்மாள், "அவ்வளவுதானா?" என்றார்.

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார்.

உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்றாள் துபாஷி.