தோண்டக் கூடாத வயல்

வயல் நடுவில் புல் பெயர்ந்து கிடந்ததை வேலிக் கதவருகே வரும்போதே ஹேசல் பார்த்துவிட்டாள்.

புதையல் திருடர்கள் மறுபடியும் வந்திருக்கிறார்கள்.

மேவிஸுக்கு இன்னும் அடக்கம்கூட ஆகவில்லை. அதற்குள் உலோகம் தேடும் கருவியைத் தூக்கிக்கொண்டு அதே வயலுக்கு.

இங்கிலாந்தின் டார்செட் குன்றுச் சரிவில் இருந்த அந்த வயலுக்கு அடியில் ரோமானியர் வீடு ஒன்று கிடந்தது. அதற்கும் கீழே, ரோம் என்ற ஊரே இல்லாத காலத்துப் புதைகுழிகள். கலப்பையோ மண்வெட்டியோ படக் கூடாது என்று அரசு உத்தரவு. தொல்லியல் அதிகாரியான ஹேசல்தான் அலைந்து திரிந்து அந்த உத்தரவை வாங்கியவள்.

"ஒரு கண்ணு வச்சுக்குங்க" என்று வயலின் சொந்தக்காரி மேவிஸிடம் கேட்டுக்கொண்டவளும் அவள்தான்.

மேவிஸ் கண் வைத்துக்கொண்டாள். போன வாரம், புதையல் திருட வந்தவர்களின் வண்டி வெளியே போக முடியாதபடி வேலிக் கதவை இழுத்துச் சாத்தி, முன்னால் நின்றாள்.

அவர்கள் வண்டியை நிறுத்தவில்லை.

கதவு இன்னும் நெளிந்தே கிடந்தது. ஹேசல் அதைத் தொடாமல் பக்கவாட்டில் நுழைந்து போனாள்.

மேவிஸை இந்த வயலிலேயே புதைக்க வேண்டும் என்று அவள் கணவர் ஆம்ப்ரோஸ் கேட்டிருந்தார். முடியாது என்று சொல்லத்தான் ஹேசல் வந்திருந்தாள். போனில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஆம்ப்ரோஸ் பெயர்ந்த புல்லுக்குப் பக்கத்தில், மண்வெட்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"போலீஸுக்குச் சொல்லிட்டீங்களா?"

"எதுக்கு? தோண்டினது நான்தாம்மா."

அப்போதுதான் அவர் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை சுண்ணாம்பு மண்ணின் வெள்ளை.

"எழுதிக்க. அவளைக் கொன்னவனுங்களத்தான் உங்களால பிடிக்க முடியல. என்னையாவது பிடிங்க."

அவர் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். குழியை மூடிட்டேன். இங்க அவளுக்கு இடம் இல்ல. ஏற்கெனவே ஒரு பொண்ணு படுத்திருக்கு."

இடுப்பளவு ஆழத்தில் இருந்ததாம். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து. முகத்துக்கு எதிரே ஒரு மண்குவளை. பெண் என்று எப்படித் தெரியும் என்று ஹேசல் கேட்கவில்லை. அப்படி ஒன்றைப் பார்க்கத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள்.

"மேவிஸும் அப்படித்தான் தூங்குவா" என்றார் ஆம்ப்ரோஸ். "மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுட்டுக் கையாலயே மண்ணைத் தள்ளி மூடினேன்."

அதிகாரியாக அவள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது.

"ஏதாவது எடுத்தீங்களா?"

"எடுக்கல. வச்சேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"அவ கல்யாண மோதிரத்தை அந்தக் குவளைகிட்ட வைக்கலாம்னு பார்த்தேன். தங்கமாச்சே, மேல கருவி கொண்டுவந்தா கத்தும். இந்தப் பொண்ணையும் தோண்டி எறிஞ்சிடுவானுங்க. அதான், அவ கம்பளித் தொப்பியை வச்சேன். அது மக்கிப் போயிடும்."

மோதிரம் அவருடைய சுண்டுவிரலில் பாதி வரை ஏறி, அதற்கு மேல் போகாமல் நின்றிருந்தது.

தொப்பியை வெளியே எடுக்கச் சொல்வதுதான் ஹேசலின் வேலை.

புல்லின் ஒரு மூலை சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றது. அவள் அதன் மேல் காலை வைத்து, நன்றாக அழுத்தி மிதித்தாள்.