உள்ளது உள்ளபடி

ஒரு தெருவோரக் கம்பத்தில் பழைய கேபிள் வயர் ஒன்று இருந்தது. பக்கத்திலேயே புது இன்டர்நெட் வயர், இன்னும் எந்த வீட்டுக்கும் போகாமல், சுருட்டிக் கட்டப்பட்டுக் கிடந்தது. கம்பத்தில் யாருக்கு உரிமை என்று இரண்டின் முதலாளிகளுக்கும் இடையே வழக்கு. அதற்குள் யாரோ பழைய வயரை வெட்டிவிட்டார்கள்.

"எதிர்வீட்டு வடிவாம்பா அக்கா டிவியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாங்க. என்னை மறுபடி சேர்த்துவிட்டால் போதும்" என்றது தொங்கிய வயர்.

மறுநாள் கோர்ட்டிலிருந்து காகம் பறந்து வந்தது.

"அண்ணே, ஜெயிச்சுட்டீங்க! வழக்கு முடியும்வரை எல்லாம் உள்ளது உள்ளபடியே இருக்கணுமாம். இனி உங்களை ஒருத்தனும் தொட முடியாது!"

"அப்போ என்னை எப்போ சேர்ப்பாங்க?"

"தொடாமல் எப்படிண்ணே சேர்க்கிறது?"

"நான்?" என்றது சுருள்.

"நீயும் அப்படியே கிட, தம்பி."

சொல்லிவிட்டு, காகம் அந்தச் சுருளுக்குள் சுள்ளிகளை அடுக்கத் தொடங்கியது. "யாரும் கலைக்க முடியாத இடம். அடுத்த வாய்தாவுக்குள் குஞ்சு பறந்துடும்."

எத்தனையோ வழக்குகளைச் சுமந்து சாய்ந்துபோன கம்பம் அலுப்போடு சொன்னது: "தீர்ப்பு வர்றதுக்குள்ளே உன் கொள்ளுப்பேரனும் பறந்துடுவான்."