ஈசலின் இறக்கை

மழை விட்டிருந்தது. தெருவிளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தது. அதைக் கையால் விலக்கிக்கொண்டே நகராட்சி அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"ஈசல் மாதிரி எங்கேருந்துதான் கெளம்பி வர்றீங்களோ! வண்டியத் தள்ளும்மா."

முன்பு பள்ளிக்கூட வாசலில் பணியார வண்டி போட்ட பூரணத்தை ஈ என்று விரட்டினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கொசு என்றார்கள். அப்போதெல்லாம் பணியாரச் சட்டி சூடு ஆறுவதற்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியவள்தான். இன்று அடுப்பைக்கூட அணைக்கவில்லை. பக்கத்து பஞ்சர் கடையில் ஸ்பேனர் வாங்கினாள். வண்டிக்கு அடியில் செங்கல்லை அண்டக்கொடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் மண்டியிட்டு, முன்சக்கரத்தைக் கழற்றினாள்.

"ஏய், என்ன பண்ற?"

"ஈசல்னு சரியாத்தான் சொன்னீங்க சார். கீழ பாருங்க."

அவருடைய பூட்ஸைச் சுற்றி ஈசல்கள் இறக்கைகளை உதிர்த்துவிட்டு ஈர மண்ணுக்குள் நுழைந்துகொண்டிருந்தன.

"எடம் கெடைச்சதும் றெக்கையக் கழட்டிப் போட்ருச்சு. இனி அது எங்க பறக்கும்?"

சொல்லிக்கொண்டே பூரணம் அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தாள். எதிர்வரிசையில் சுண்டல் வண்டிக்காரர் செங்கல்லோடு குனிந்தார்.

"யக்கா, முடிச்சுட்டு ஸ்பேனர இங்க குடு."